ஐந்நூற்றுத் தொண்ணூறு கிராம்

ஜூன் 4

என் அருமை மருமகளே, மலைகளைக் குடையும் மகாராணியே,

போன் செய்யக் கூடாது என்ற உன் ஆணையை நான் மீறவில்லை என்பதை முதலில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். "போன்ல உங்க குரலக் கேட்டா சிரிச்சிடுவேன் மாமா. எனக்குச் சிரிக்க இஷ்டமில்ல. ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறி ஆறு மாதமாகிறது. அன்றிலிருந்து ரிசீவரை எடுப்பதும், கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் தடவிவிட்டு வைப்பதுமாகக் காலம் போகிறது.

இப்போது எழுதியே ஆக வேண்டிய நிலைமை. உன் அம்மா, என் அக்கா, நமக்கென்று விட்டுப்போன சின்சில்லா இருக்கிறதே, நம் சாம்பல்! முயல் காதும் அணில் வாலும் தாசில்தார் கோபமும் கொண்ட அந்த அரைக் கிலோ ஜீவன், தன் ஓடுசக்கரத்தில் ஏறிவிட்டால் வீட்டின் அஸ்திவாரம் ஆடுகிறது. விடியும்போது ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை. முதலில் 'கீச்' என்று ஒரு சத்தம். அதைக் கேட்டு நாலு தெரு நாய்கள் ஊரை விட்டே போய்விட்டன. பிறகு கூண்டு முழுக்கக் கடகடவென்று ஆட்டம். சுவரிலிருந்த கடிகாரம் பயந்து பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது.

நேற்று கீழ் வீட்டுக் கணக்கு வாத்தியார் துடைப்பக்கட்டையோடு மேலே வந்துவிட்டார்.

"சார், வீட்டுக்குள்ள மாவு மில்லு வெச்சிருக்கீங்களா?"

"இல்ல வாத்தியாரே. சின்ன பிராணி. அரைக் கிலோதான்."

"அரைக் கிலோவா? உங்க அரைக் கிலோ சுத்தின சுத்துல நேத்து ஒவ்வொரு விடைத்தாள்லயும் பத்து மார்க் குறைச்சிட்டேன். புள்ளைங்க சாபம் உங்களத்தான் பிடிக்கும்."

குடியிருப்போர் சங்கத்திடம் அவர் மனுக் கொடுத்து, சங்கம் எனக்குத் தாக்கீது அனுப்பிவிட்டது. ஜூலை பத்தாம் தேதிக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிராணி வெளியேற வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். பதினாலு மாடி லிஃப்டைப் பூனை நடப்பதுபோல் ஓட வைத்தவன். எனக்கு ஒரு சக்கரம் சவாலா? ஆனால் இதற்கு எந்த எண்ணெய் ஆகும், எது விஷம் என்று தெரியாமல் கை வைக்கப் பயமாக இருக்கிறது. அதை வாங்கி வந்தவள் நீ. அக்கா கையால் தீனி தின்ற கடைசி ஜீவன் அது. வெளியே அனுப்ப எனக்குத் தெம்பில்லை. வழி சொல்.

உன் பாதுகை தாங்கும்,
மாமா


ஜூன் 12

மாமாவுக்கு,

மெஷின் எண்ணெய், கிரீஸ் இரண்டும் கூடாது. அது நக்கிவிடும். கீச்சென்ற சத்தம் பேரிங்கில் மணல் புகுந்ததால்தான். அது புரண்டு குளிக்கிற மணல் தொட்டியைச் சக்கரத்துக்குப் பக்கத்திலா வைத்திருக்கிறீர்கள்? எதிர் மூலைக்கு மாற்றுங்கள். பழைய பேரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, இருபுறமும் மூடிய பேரிங் ஒன்று போடுங்கள். கடகட சத்தம் சக்கரத்தைக் கூண்டுக் கம்பியில் மாட்டியிருப்பதால் வருவது. கம்பியிலிருந்து பிரித்து, கனமான மரத் தாங்கியில் தனியாக நிறுத்துங்கள். கூண்டுக்கு அடியில், வெளிப்பக்கமாக, கார்க் பலகை வையுங்கள். ரப்பர், பஞ்சு, பிளாஸ்டிக் எதுவும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது. கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு ஞாயிறும் எடை போட்டு எழுதுங்கள். இந்தப் பிராணிகள் நோயை வெளியே காட்டாது. எடைதான் காட்டிக்கொடுக்கும். கதை வேண்டாம், எண் போதும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். போன வருஷம் நவம்பர் 6-ஆம் தேதி நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் இங்கே பெட்டியில் இருக்கிறது. "உன் அம்மா என்னை அடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டாள். உலகம் திருந்திவிட்டது." அதைக் கேன்டீனில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று அம்மாவுக்கு வலது கை விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மருத்துவமனைச் சீட்டில் தேதி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், எல்லாம் முடிந்த பிறகு. போனில் அம்மாவைக் கேட்டபோது, "உங்கம்மா மௌன விரதம். உலகத்துக்கு நல்ல காலம்" என்றீர்கள். அதற்கும் சிரித்தேன். பேச்சு போயிருந்த ஏழு வாரமும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

எனக்கு எழுத வேண்டாம் என்று அம்மாதான் கையைக் காட்டியதாகச் சொன்னீர்கள். அது அம்மாவின் விருப்பம் என்பதால்தான் உங்களோடு இந்த அளவுக்காவது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வருகிறோம். நடுவில் சந்திக்க வேண்டும். நான் எடுத்துக் கொடுக்கும் அளவு பிசகினால் இரண்டு சுரங்கமும் ஒன்றையொன்று பார்க்காமலே தாண்டிப் போய்விடும். எண் என்றால் எனக்கு என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்த விடுதியில் பிராணி வைக்க அனுமதி இல்லை. தனி வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்ததும் சாம்பலை அழைத்துக்கொள்வேன். அதுவரை பத்திரம்.


ஜூன் 20

மாண்புமிகு மருமகளுக்கு,

போர்க்களத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் நாள் சக்கரத்தைக் கழற்றினேன். பேரிங்கைத் தட்டினால் ஒரு பாலைவனமே கொட்டியது. அதில் இரண்டு ஒட்டகங்கள் இருந்தன என்று சொல்வேன், நீ நம்ப மாட்டாய். மூடிய பேரிங் தேடி ஏழு கடை ஏறி இறங்கினேன். எட்டாவது கடைக்காரன், "என்ன வண்டிக்கு?" என்றான். "மாட்சிமை தங்கிய ஒரு சாம்பல் நிறப் பிரபுவின் தேருக்கு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். மாட்டினேன். கீச் ஒழிந்தது!

இரண்டாம் நாள் தாங்கி. என் பழைய கருவிப் பெட்டியின் மூடியை அறுத்துச் செய்தேன். ஆமாம், முப்பத்தொரு வருஷம் தோளில் சுமந்த பெட்டி. அதற்கும் ஒரு பதவி உயர்வு வேண்டாமா? கடகட ஒழிந்தது. கார்க் பலகையும் வைத்தாயிற்று, வெளிப்பக்கம்தான்.

மிச்சமிருப்பது ஒரே ஒரு 'டக்'. சுற்றுக்கு ஒருமுறை. அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட எண். மாவுப் பாத்திரத்தில் பிரபுவை உட்கார வைத்து, பாத்திரத்தின் எடையைக் கழித்து, 590 கிராம். தராசில் உட்காரும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே உன் அம்மா. லேட்டாக வீட்டுக்கு வந்தால் பார்ப்பாளே, அது.

இந்தக் கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. அடிக்க மனம் வரவில்லை.

மாமா


ஜூன் 29

மாமாவுக்கு,

ஒட்டகத்துக்குச் சிரித்துவிட்டேன். அளவுப் புத்தகத்தை முகத்தில் மூடிக்கொண்டு சிரித்தேன். பிறகு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது, எழுதுகிறேன். ஆனால் இனிமேல் ஒட்டகம் வேண்டாம்.

'டக்' அச்சின் முனையில் இடைவெளி இருப்பதால் வரும். மெல்லிய வாஷர் ஒன்று போட்டுப் பாருங்கள். சுற்றி விட்டால் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா? அப்படியென்றால் அந்தப் பக்கம் கனம் அதிகம். எதிர்ப்பக்கத்தில் சின்ன எடை சேருங்கள். லிஃப்டுக்கு எதிர் எடை வைப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. அம்மா அதற்குக் காய்ந்த புல்லை ஒவ்வொரு இழையாகத்தான் நீட்டுவாள். "கட்டாப் போட்டாத் தின்னுச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்பாள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து நீட்டுங்கள். தின்பதைக் கண்ணால் பாருங்கள். எடை எழுதுங்கள்.


ஜூலை 9

என் அன்பு மருமகளே,

சரித்திரம் எழுதுகிறவர்களைக் கூப்பிடு. டக் செத்தது!

வாஷர் போட்டேன். எதிர்ப்பக்கம் ஒரு சிறு நட்டை முடுக்கினேன். விரலால் ஒருமுறை தட்டிவிட்டேன். சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் குளித்து, சவரம் செய்து, வயதாகி, திரும்பி வந்து பார்க்கிறேன், இன்னும் சுற்றுகிறது. சத்தம் என்ற பேச்சே இல்லை. எறும்பு கொட்டாவி விட்டால் கேட்கும், அவ்வளவு நிசப்தம்.

கெடு முடிய ஒரு நாள் பாக்கி இருக்கையில் வாத்தியார் சங்கத்துக்கு எழுதி மனுவை வாபஸ் வாங்கினார். மேலே வந்து கை கொடுத்தார். "பத்து மார்க்கையும் திருப்பிப் போட்டுட்டேன் சார்" என்றார்.

எடை: ஜூன் 22, 590. ஜூன் 29, 590. ஜூலை 6, 590. பாறைபோல் அசையாத மன்னன். கொஞ்சம் பெரிய மனுஷத்தனம் வந்துவிட்டது, அவ்வளவுதான். புல்லை வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். தண்ணீர் குடிக்கத் தெரியாமல் குடித்துத் தாடையை எந்நேரமும் நனைத்து வைத்திருக்கிறான். கைக்குட்டை ஒன்று தைத்துக் கொடுக்கலாமென்று இருக்கிறேன்.

வெற்றிவேந்தன்,
மாமா


ஜூலை 17

மாமா,

நான் ஒரே கல்லை, ஒரே கருவியால், ஒரே காலையில் நாலு முறை அளந்தால் நாலு எண் வரும். மயிரிழை வித்தியாசமாவது இருக்கும். நாலும் ஒன்றாக இருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு அளந்த ஆளைக் கூப்பிடுவேன். மூச்சு விடுகிற பிராணி, தின்று புழுக்கை போடுகிற பிராணி, நாலு ஞாயிறும் 590 இருக்காது.

ஒன்று, முதல் வாரத்துக்குப் பிறகு நீங்கள் எடை போடவில்லை. இல்லாவிட்டால் போட்டதை எழுதவில்லை. எது?

தாடை ஈரம் நகைச்சுவை இல்லை. பல்லில் கோளாறு என்று அர்த்தம். கடிதம் கிடைத்த அன்றே மிருக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். அவர் சொல்வதை, மாமா. நீங்கள் சொல்வதை இல்லை.


ஜூலை 23
விரைவுத் தபால்

மருமகளே,

எடை போட்டேன். ஒரு ஞாயிறும் விடவில்லை. எழுதவில்லை.

ஜூன் 15, 590. ஜூன் 22, 570. ஜூன் 29, 545. ஜூலை 6, 510. ஜூலை 13, 480. ஜூலை 20, 450.

முதல் தடவை குறைந்தபோது தராசுதான் சரியில்லை என்று முடிவு செய்தேன். இரண்டாம் தடவை பாத்திரத்தைக் குற்றம் சொன்னேன். அப்புறம் குற்றம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. 'டக்' போன சந்தோஷத்தில் உனக்கு எழுத உட்கார்ந்தபோது 510 என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை 590 என்று எழுதியது.

மருத்துவர் படம் எடுத்துக் காட்டினார். கடைவாய்ப் பல்லின் வேர்கள் மேல்நோக்கி வளர்ந்து கண்ணுக்கு அடியில் முட்டுகின்றன. மெல்லும்போதெல்லாம் குத்துகிறது. அதனால்தான் புல்லைத் தள்ளியிருக்கிறான். எச்சில்தான் தாடையில் ஈரம். சரிசெய்ய முடியாது என்றார். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் வலியையாவது குறைத்திருக்கலாம் என்றார். நோக வைக்காமல் தூங்கப் பண்ணிவிடுவதுதான் நல்லது, ஒரு வாரத்துக்கு மேல் தள்ள வேண்டாம் என்றார். இவை அவர் சொன்னவை.

சக்கரத்தில் அவன் ஏறி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த அறையில்தான் இருந்தேன். சத்தம் வந்திருந்தால் நின்ற அன்றைக்கே தெரிந்திருக்கும். ஓடுகிறதா நிற்கிறதா என்று எவனுக்கும் தெரியாதபடி நான்தான் செய்து வைத்தேன். லிஃப்ட் வேலையில் புதிதாகச் சேருகிறவனிடம் முதல் நாளே சொல்வேன்: சத்தத்தை அடக்கிவிட்டு வந்துவிடாதே, அது என்ன சொல்கிறதென்று கேள். எனக்கு யாரும் சொல்ல ஆளில்லை.

முதலில் கவனித்தது வாத்தியார். உன் கடிதத்துக்கு முதல் நாள் மேலே வந்தார். "சத்தம் போனப்புறமும் என் மேஜையில தண்ணி டம்ளர் லேசா நடுங்கும் சார். அதப் பாத்துட்டுதான் காலையில எழுந்திருப்பேன். பத்து நாளா நடுங்கல. நல்லா இருக்குதா?" என்றார். "பிரமாதமா இருக்கு" என்றேன். அவரிடமும்.

இனி உன் அம்மா விஷயம். போனை எடுத்தேன். எடுத்தால் கதை சொல்லிவிடுவேன் என்று தெரிந்ததால் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

உனக்கு எழுத வேண்டாம் என்று அக்கா கையைக் காட்டவில்லை. நான் சொன்னது பொய். தினமும் காலையில் தன் உயிரில்லாத வலது கையை நெஞ்சின் மேல் விரித்து வைக்கச் சொல்வாள், கண்ணால். வைப்பேன். இடது கையால் என் விரலைப் பிடித்து அந்த உள்ளங்கையில் கோடு இழுப்பாள். எழுதிட்டியா என்று கேட்கிறாள். "எழுதிட்டேன்க்கா" என்பேன். மறுநாளும் கேட்பாள். "எழுதிட்டேன். லீவு கிடைக்கலயாம். கெடச்சதும் வந்துடுவா" என்பேன். தலையை ஆட்டுவாள். பிறகு கூண்டு பக்கம் திரும்பிச் சக்கரம் சுற்றுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். ஏழு வாரம்.

எழுதத்தான் உட்காருவேன். அக்காவுக்கு வலது கை வரவில்லை என்று ஆரம்பித்தால், அடிப்பதை நிறுத்திவிட்டாள் என்று முடியும். நான் திட்டம் போட்டு மறைக்கவில்லை. ஒரு வாக்கியத்தை நேராக எழுதத் தெரியாதவன், அவ்வளவுதான். அதை அக்காவின் தலையில் போட்டது மட்டும் தெரிந்தே செய்தது. நீ என்னோடு பேசாமல் போய்விடுவாய் என்ற பயம்.

உன் கோபத்துக்குக் குறுக்கே நிற்கக் கடைசியாக இருந்ததையும் எடுத்துவிட்டேன். ஆனால் சாம்பல் இன்னும் உயிரோடு இருக்கிறான். இந்தத் தடவை முடிவதற்குள் எழுதுகிறேன். வா.

மாமா


ஜூலை 25
விரைவுத் தபால்

ஞாயிறு மதியம் வந்து சேருவேன். திங்களன்று மருத்துவரிடம் நேரம் வாங்கி வையுங்கள். அதுவரை புல்மாவைத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம்.


ஆகஸ்ட் 5

மாமாவுக்கு,

வந்து வேலையில் சேர்ந்துவிட்டேன். அந்த இரண்டு நாளில் நாம் பேசியது ஒன்பது வாக்கியம். பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன். ஆறு என்னுடையது. "பேப்பர்ல எங்க கையெழுத்துப் போடணும்?" என்பதும் அதில் சேர்த்தி.

மருத்துவர் ஊசி போட்டபோது சாம்பல் என் மடியில் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடி தளர்ந்ததைத்தான் உணர்ந்தேன். மற்றபடி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நீங்கள் வாசலில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். உள்ளே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அன்று மாலை நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது அம்மா அறைக்குள் போனேன். அம்மாவின் கட்டிலில் நான் படுத்துக்கொண்டு எட்டிச் சக்கரத்தை ஒரு விரலால் தட்டினேன். நீங்கள் எழுதியிருந்ததுபோலவே வெகுநேரம் சுற்றியது. கொஞ்சமும் சத்தமில்லை. இப்படி ஒரு வேலையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதைச் செய்தவர்மேல் வந்த கோபத்தில் இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தினேன்.

நான் வராததற்கு லீவு கிடைக்காததுதான் காரணம் என்று அம்மா கடைசிவரை நம்பியிருந்தால் நல்லது. நம்பினாளா என்று உங்களைக் கேட்க மாட்டேன். கேட்டால் ஆமாம் என்பீர்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. அளக்காமல் ஒரு எண்ணை எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காலிக் கூண்டை நீங்கள் தூக்கியபோது கைக்கடிகாரம் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளை மூன்று இருக்கிறது. சட்டைக்குள் நீங்கள் பாதிதான் இருக்கிறீர்கள். எனக்கும் மிகைப்படுத்தத் தெரியும், உங்கள் ரத்தம்தானே. ஆனால் துளை மூன்றுதான், எண்ணினேன்.

ஒவ்வொரு ஞாயிறும் எடை போட்டு எழுதுங்கள். உங்கள் எடையை. கதை வேண்டாம், எண் போதும்.


ஆகஸ்ட் 17

மருமகளே,

ஆகஸ்ட் 10, 61 கிலோ 300. இன்று, 60 கிலோ 400. போன வருஷம் அக்காவோடு போய் ஏறியபோது 72.

மருந்துக்கடை வாசல் இயந்திரம். நான் ஏறினேன். வாத்தியார் எண்ணைப் படித்தார். என் பேச்சை நம்ப வேண்டியதில்லை என்பதற்காகக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். முப்பது வருஷமாக மார்க் போடுகிறவர், கிராமுக்குக்கூடச் சலுகை காட்ட மாட்டார்.

விழுங்கும்போது தொண்டையில் தடுக்கிறது. ஏப்ரலிலிருந்து. யாரிடமும் சொன்னதில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறேன். அவர் சொல்வதைச் சொன்னபடி அனுப்புகிறேன்.

இதற்கு மேல் நாலு வரி வேடிக்கையாக வந்தது. அடித்துவிட்டேன்.

கடிதத்தை ஒட்டும்முன் அக்கா அறைக்குப் போய் நின்றேன். கட்டிலைப் பார்த்துச் சொன்னேன்.

"எழுதிட்டேன்க்கா."

மாமா